ஆம் எட்டு, இல்லை தொண்ணூற்றிரண்டு

பிரேக்கக்கா காரில் ஏறுவதற்கு முன்பே ஃபெயிலாகிவிட்டாள்.

இது அவளுடைய திறமைக்குக் கிடைத்த தனி மரியாதை என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த ஊரில் அப்போது எல்லோருக்கும் அதே கதிதான். ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் வேண்டியவனுக்கு ஒரு நியாயம், வேண்டாதவனுக்கு ஒரு நியாயம் என்று புகார் மேல் புகாராகக் குவிந்தது. மேலிடம் யோசித்தது, மேலும் யோசித்தது, கடைசியில் யோசிக்கிற வேலையையே வெளியாளிடம் கொடுத்துவிட்டது. அப்படி வந்து சேர்ந்ததுதான் ‘மெய்ச்சந்தை’. இனிமேல் ஒருவருக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்பதை ஒற்றை அதிகாரி முடிவு செய்யமாட்டார். உலகமே பந்தயம் கட்டி முடிவு செய்யும். பந்தயம் என்ற சொல்லைக் கேட்டால் மெய்ச்சந்தைக்காரர்களுக்கு முகம் சுண்டிவிடும். முன்கணிப்பு என்று சொல்ல வேண்டும். சூதாட்டத்தைக் குளிப்பாட்டி, கோட்டு மாட்டி, ஏசி அறையில் உட்கார வைத்தால் அதற்குப் பெயர் முன்கணிப்பு.

பிரேக்கக்கா என்பது ஓட்டுநர் பள்ளியில் விழுந்த பெயர். தூரத்தில் சைக்கிள் தெரிந்தால் பிரேக். பக்கத்து மதிலில் காக்கை உட்கார்ந்தால் பிரேக். பயிற்சி கொடுக்கிறவர் தும்மினால்கூட பிரேக். “அக்கா, வண்டிக்கு மொத்தம் மூணு பெடல் இருக்கு, மத்த ரெண்டுக்கும் கொஞ்சம் வேலை குடுங்க” என்று அந்த மனிதர் கெஞ்சாத நாள் இல்லை.

ஆனாலும் அவள் விடவில்லை. விடக்கூடிய நிலைமையும் இல்லை. அவளுடைய வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் ஸ்டெப்னி டயரைத் தூக்கியபோது இடுப்பு அப்படியே பிடித்துக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்து போகலாம், இனி ஸ்டியரிங் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வீட்டம்மா உரிமம் வாங்கிவிட்டால் வேன் ஓட்டம் உங்களுக்கே, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று தலைமையாசிரியை கறாராகவும் அன்பாகவும் சொன்னார். வேன் வீட்டு வாசலில் இலை தழை உதிர்ந்து, பூனைக்குப் பிரசவ அறையாகி நின்றது.

உரிம அலுவலகத்துக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது ஆளுயரத் திரை. அதில் அவளுடைய கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. ‘பிரேக்கக்கா: ஓட்டத் தெரியுமா? ஆம் 8. இல்லை 92.’

ஒரு காலத்தில் விசில் ஊதியே பலரை அழவைத்த இன்ஸ்பெக்டர் இப்போது மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய்க் கேட்டாள்.

“சார், இது என்ன கணக்கு?”

“ஆம்னு ஒரு சீட்டு, இல்லைன்னு ஒரு சீட்டும்மா. ரெண்டு விலையும் சேர்ந்தா நூறு. உங்க ஆம் எட்டுல நிக்குது. உங்களுக்கு ஓட்டத் தெரிய நூத்துல எட்டு வாய்ப்புன்னு உலகம் சொல்லுது. கடைசியில எந்தப் பக்கம் சரியோ, அந்தச் சீட்டு வச்சிருக்கிறவனுக்கு நூறு. மத்தவனுக்குப் பட்டை நாமம்.”

“உலகம் என்னைப் பார்த்ததே இல்லையே சார்?”

“அதனாலதாம்மா பாரபட்சமே இல்ல.”

அதற்குள் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு தலைமை வடிவமைப்பாளர் வந்தார். சந்தையின் ஒவ்வொரு திருகாணியும் அவர் மூளையில் பிறந்தது என்று சுவரில் எழுதியிருந்தது. எழுதச் சொன்னவரும் அவர்தான்.

“அம்மா, உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்” என்றார் மிகவும் கனிவாக. “உங்களால சந்தைக்கு ஒரு சங்கடம். எல்லாரும் ‘இல்லை’யே வாங்குறாங்க. விக்கிறதுக்கு எதிர்ப்பக்கம் ஆளே இல்ல. உங்க ‘ஆம்’ பக்கம் வறண்டு கிடக்கு. ஒரு சந்தைன்னா முட்டாளும் வேணும், புத்திசாலியும் வேணும். ரெண்டு பேரும் சரிசமமா இருந்தாத்தான் ஆரோக்கியம். உங்க கேள்வியில முட்டாளுங்க பத்தல.”

“அதுக்கு நான் என்ன சார் செய்யறது?”

“நீங்களே கொஞ்சம் வாங்குங்க.”

“சார், நான் நல்லா ஓட்டினா போதாதா?”

வடிவமைப்பாளர் சிரித்தார். அறியாத குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. “ஓட்டுறது உங்க சொந்த விஷயம். நாங்க அதுல தலையிடறதே இல்ல. எங்க அமைப்போட அழகே அதுதான். எல்லாச் சீட்டும் பிளாக்செயின்ல, அதாவது சங்கிலியில ஏறுது. ஏறினதை அழிக்க முடியாது. நானே நினைச்சாலும் முடியாது. பொய்யே ஏறியிருந்தாலும் அழியாது. அவ்வளவு நேர்மை!”

வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் கட்டாந்தரையில் மல்லாந்து படுத்து, செல்போனை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்தார்.

“ஏங்க, நம்ம தெருவுலேர்ந்தே யாரோ என் பேர்ல ‘இல்லை’யா வாங்கித் தள்ளியிருக்காங்களாம். இன்ஸ்பெக்டர் சொன்னாரு.”

“அப்படியா? கலிகாலம்” என்றார் வீட்டுக்காரர், கூரையைப் பார்த்து.

கூரைக்கும் அவருக்கும் அவ்வளவு நெருக்கம் கிடையாது. பிரேக்கக்கா போனைப் பிடுங்கிப் பார்த்தாள். பிறகு போனை அவர் நெஞ்சின் மேலேயே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“ஏய், இங்க வா. இது துரோகம் இல்ல. இதுக்குப் பேரு ஹெட்ஜிங்காம். நீ பாஸானா வேன் ஓடும். ஃபெயிலானா சீட்டு ஜெயிக்கும். எப்படிப் போனாலும் அடுப்பு எரியும்ல?”

“அப்ப நான் ஃபெயிலாகணும்னு வேண்டிக்கிறீங்க.”

“முழுசா இல்ல. பாதி வேண்டுதல்தான்.”

“எந்தப் பாதி? பிடிச்சுக்கிட்ட பாதியா, பிடிக்காத பாதியா?”

வீட்டுக்காரர் புரண்டு படுக்கப் பார்த்து, முடியாமல் அப்படியே கிடந்தார். “சீட்டு வாங்கினதுக்கு மெய்க்காசுன்னு கொஞ்சம் இலவசமாவும் குடுத்தாங்க. ஏதாவது தகராறு வந்தா, எது உண்மைன்னு வாக்குப் போடலாமாம். நான்கூட உண்மைக்கு ஒரு பங்குதாரர் இப்ப” என்றார் பெருமையும் வெட்கமும் கலந்து.

அன்றைக்கு ரசத்தில் உப்பில்லை. அவர் அதைப் பற்றி எதுவும் முன்கணிக்கவில்லை.

தேர்வு நாளில் பின்சீட்டில் தலையணையோடு அவரும் வந்தார். சண்டை சண்டையாக இருந்தாலும், அவர் கூட வந்தால்தான் அவளுக்குத் தைரியம். முன்னால் இன்ஸ்பெக்டர். அவருடைய மதிப்பெண்ணுக்கு இப்போது மதிப்பில்லை. ஆனாலும் அவர் உட்கார வேண்டும் என்று பழைய விதி ஒன்று இருந்தது, அதை ரத்துசெய்ய யாருக்கும் ஞாபகமில்லை.

அவள் ஓட்டினாள். கியர் மாற்றினாள், திரும்பினாள், ரிவர்ஸ் எடுத்தாள். ஒரு கிடங்கு வாசலைத் தாண்டும்போது, காரணமே இல்லாமல், வழக்கம்போல், சடாரென்று பிரேக் அடித்தாள். “அம்மா!” என்று இன்ஸ்பெக்டர் கத்த வாயைத் திறந்தார். திறந்த வாய்க்கு முன்னால் பெரிய லாரி ஒன்று, ஹாரனும் இல்லாமல் விளக்கும் இல்லாமல், பின்பக்கமாகவே வெளியே வந்து சாலையை மறித்து நின்றது. காருக்கும் லாரிக்கும் நடுவே ஒரு தலையணை வைக்கிற அளவு இடம்.

இன்ஸ்பெக்டர் திறந்த வாயை மெல்ல மூடினார்.

“நீங்க பாஸும்மா” என்றார். “என் சம்சாரம் சார்பாவும் சொல்றேன். பாஸ்.”

திரும்பி வந்து பார்த்தால் திரையில் ஆம் 8, இல்லை 92. ஒரு புள்ளிகூட அசையவில்லை. காரணம் எளிது. சங்கிலிக்குக் கண் கிடையாது. வெளியுலகத்தில் என்ன நடந்தது என்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். அதற்காகவே ஓர் அதிகாரி இருந்தார். பெயர்ப்பலகையில் ‘மெய்யறிவிப்பாளர்’ என்று போட்டிருந்தது. ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருந்தார். வெளியே பார்த்தால் மனம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுமாம்.

“சார், இந்தம்மா அருமையா ஓட்டினாங்க. நான் பக்கத்துலயே இருந்தேன்” என்றார் இன்ஸ்பெக்டர்.

“பக்கத்துல இருந்தா உணர்ச்சிவசப்பட்டிருப்பீங்க. விலை என்ன?”

“இல்லை தொண்ணூத்திரண்டு.”

“அப்ப ‘இல்லை’” என்று மெய்யறிவிப்பாளர் பொத்தானை அழுத்தப் போனார்.

“சார், சார்!” என்றாள் பிரேக்கக்கா. “நடந்ததைத்தானே நீங்க அறிவிக்கணும்?”

“அம்மா, நான் ஒவ்வொரு அறிவிப்புக்கும் டெபாசிட் கட்டிட்டு உட்கார்ந்திருக்கேன். ‘ஆம்’னு சொன்னா, ‘இல்லை’ வச்சிருக்கிற அத்தனை பேரும் எதிர்ப்பாங்க, என் டெபாசிட் போயிடும். ‘இல்லை’ன்னு சொன்னா யார் எதிர்க்கப் போறா?”

“நான் எதிர்லயே நிக்கிறேனே சார்.”

“எதிர்ல நிக்கிறது எதிர்ப்பு இல்லம்மா. டெபாசிட் கட்டினாத்தான் எதிர்ப்பு.” பொத்தானை அழுத்திவிட்டார்.

பிரேக்கக்கா வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் தலையணையோடு பக்கத்தில் நின்றார். உட்கார அவரால் முடியாது. குனிந்து ஆறுதல் சொல்லவும் முடியாது. நிமிர்ந்தபடியே கொஞ்ச நேரம் போனைத் தட்டினார்.

“என்ன பண்றீங்க?”

“எதிர்ப்புக்கு டெபாசிட் கட்டிட்டேன்.”

“பணம் ஏது?”

“என் ‘இல்லை’ச் சீட்டுல பாதியை வித்துட்டேன்.”

தன் சீட்டை விற்ற காசில் தன் சீட்டுக்கே எதிர்ப்புத் தெரிவித்த முதல் ஆள் அவர்தான் என்று மெய்ச்சந்தை பிறகு அவருக்கு வாழ்த்துச் செய்தி அனுப்பியது.

எதிர்ப்பு வந்தால் மெய்க்காசு வைத்திருப்பவர்களின் இறுதி அவை கூடி வாக்குப் போட வேண்டும். அவை ஊருக்கு வெளியே, மேட்டின் மேல் இருக்கிற மாநாட்டு அரங்கத்தில் கூடும். உறுப்பினர்கள் பலர் போனிலேயே வாக்களிப்பார்கள். முக்கியமானவர்கள் மட்டும் நேரில். அந்த நாளும் வந்தது. கம்பெனி கார் மட்டும் வரவில்லை.

தலைமை வடிவமைப்பாளர் உரிம அலுவலக வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “வந்திருக்கணுமே! ‘கார் நேரத்துக்கு வருமா?’ன்னு காலையிலேயே கேள்வி திறந்தோம். ஆம் தொண்ணூத்தேழு!”

“டிரைவருக்கு யார் சார் சொன்னது?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“தொண்ணூத்தேழு இருக்கும்போது எதுக்குச் சொல்லணும்?”

யாரும் சொல்லியிருக்கவில்லை. டிரைவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். கடைசியில், தீர்ப்புக் கேட்க வந்திருந்த பிரேக்கக்காவின் வேன்தான் கிடைத்தது. அவளிடம் பழகுநர் உரிமம் இருந்தது. பக்கத்தில் உரிமம் உள்ள ஒருவர் உட்கார்ந்தால் அவள் ஓட்டலாம். வீட்டுக்காரர் இடுப்புப் பட்டையோடு முன்னால் ஏறினார். பின்னால், சின்னப் பிள்ளைகளுக்கென்று செய்த இருக்கைகளில், முழங்கால் தாடையில் இடிக்க, மெய்ச்சந்தை முழுவதும் அமர்ந்தது: வடிவமைப்பாளர், மெய்யறிவிப்பாளர், இன்ஸ்பெக்டர், அப்புறம் திமிங்கலம். திமிங்கலம் என்றால் உருவத்தில் அல்ல. ஒல்லியான, ஓய்வுபெற்ற பல் டாக்டர். இருக்கிற மெய்க்காசில் பாதிக்கு மேல் அவரிடம் இருந்ததால் அந்தப் பெயர்.

மழை பிடித்துக்கொண்டது. நேரமாகிறது, அவையை வேனிலேயே கூட்டிவிடலாம் என்று வடிவமைப்பாளர் சொன்னார். பிரேக்கக்கா நெரிசலில் நுழைந்து, பள்ளம் பார்த்து விலகி, பாலத்தின் ஏற்றத்தில் இரண்டாவது கியருக்கு இறக்கி ஓட்டிக்கொண்டிருக்க, அவர் உரையைத் தொடங்கினார்.

“இந்தப் பெண்மணிக்கு ஓட்டத் தெரியுமா என்பதே இன்று நம் முன் உள்ள கேள்வி. ஏம்மா, கொஞ்சம் ஓரமா போங்க, தண்ணி அடிக்குது. நன்றி. உறுப்பினர்களே, விதியை நினைவூட்டுகிறேன். பெரும்பான்மையோடு வாக்களிப்பவருக்குப் பரிசு. சிறுபான்மையில் சிக்கியவரின் மெய்க்காசு பறிமுதல். ஆகவே என்ன நடந்தது என்று யோசித்து நேரத்தை வீணாக்காதீர்கள். மற்றவர்கள் என்ன போடுவார்கள் என்று மட்டும் யோசியுங்கள். மற்றவர்களும் உங்களைப் பற்றி அதையே யோசித்துக்கொண்டிருப்பார்கள். இப்படி எல்லோரும் எல்லோரையும் யோசிக்கும்போது நடுவில் தானாகப் பிறப்பதுதான் உண்மை.”

“நான் இதுவரைக்கும் ஒரு தடவைகூட தப்பா வாக்குப் போட்டது இல்ல” என்றார் திமிங்கலம் அடக்கத்தோடு. “நான் எந்தப் பக்கம் போடறேனோ, அந்தப் பக்கம் பெரும்பான்மை ஆயிடுது. ஏதோ கடவுள் குடுத்த பார்வை.” அவரிடம் ‘இல்லை’ச் சீட்டு ஒரு மூட்டை இருந்தது. பெருவிரலால் தட்டினார்.

முன்சீட்டில் வீட்டுக்காரரும் போனை எடுத்தார். பிரேக்கக்கா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “நீங்களும் ‘இல்லை’யே போடுங்க. உள்ள காசாவது மிஞ்சட்டும்.”

வேன் ஒரு லாரியைத் தாண்டியது. அவர் தட்டிவிட்டு போனைச் சட்டைப்பையில் போட்டார்.

முடிவு வந்தது. இல்லை: தொண்ணூற்றொன்பது சொச்சம். ஆம்: ஒரே ஒருவர். ‘உண்மைக்கு மாறாக வாக்களித்ததால் உங்கள் மெய்க்காசு பறிமுதல் செய்யப்பட்டது’ என்று வீட்டுக்காரரின் சட்டைப்பை அலறியது. மிச்சமிருந்த ‘இல்லை’ச் சீட்டுகளையும் அபராதத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

“ஏங்க!” என்றாள் பிரேக்கக்கா.

“டெஸ்ட் அன்னைக்கு அந்த லாரியை நான் பார்த்தேன்டி” என்றார் அவர். “வேற எப்படிப் போடறது?”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். வைப்பரை வேகமாக வைத்தாள். மழை கூடியிருக்க வேண்டும்.

பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “ஒரு விதி இருக்கு சார். ஓட்டத் தெரியாதுன்னு சங்கிலியில இறுதியா ஏறிட்டா, பழகுநர் உரிமமும் அந்த நிமிஷத்துலேர்ந்து செல்லாது.”

பிரேக் விழுந்தது. பாலத்தின் மேல், ஓரமாக, அழகாக, கோடு பிசகாமல் வேன் நின்றது. பிரேக்கக்கா சாவியைத் திருகி அணைத்தாள்.

“ஏம்மா நிறுத்திட்டீங்க?” என்றார் வடிவமைப்பாளர்.

“உரிமம் இல்லாம ஓட்டக்கூடாது சார். தப்பு.”

இதில் கிண்டல் துளியும் இல்லை. சிவப்பு விளக்கில் ஆம்புலன்ஸுக்கு வழிவிடலாமா என்று போலீஸ்காரரிடம் அனுமதி கேட்டவள் அவள். மெய்ச்சந்தைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சரி, வேற யாராவது ஓட்டுங்க” என்றார் வடிவமைப்பாளர்.

“நான் எதையும் நேர்ல செய்யறது இல்ல. அறிவிப்பு மட்டும்தான்” என்றார் மெய்யறிவிப்பாளர்.

“எனக்கு டிரைவர் உண்டு. இங்க இல்ல” என்றார் திமிங்கலம்.

எல்லோரும் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்கள். அவர் ஜன்னல் வழியே மழையைப் பார்த்தார். “நான் டியூட்டில இருக்கேன்.”

வடிவமைப்பாளர் கலங்கவில்லை. நெருக்கடியில்தான் அவருக்கு மூளை நன்றாக வேலை செய்யும். உடனே புதிய கேள்வி ஒன்றைத் திறந்தார்: ‘வேன் நகருமா?’ உலகம் ஆர்வமாக வாங்கியது. ஆம் எழுபது, எண்பத்தைந்து, தொண்ணூற்றாறு.

“அப்பாடா. கிளம்பிடுச்சு” என்று பின்னால் சாய்ந்தார்.

மெய்யறிவிப்பாளர் இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டார். வேன் நின்ற இடத்திலேயே நின்றது. பக்கத்தில் ஒரு நத்தை பாலத்தின் கைப்பிடிச் சுவரில் அவர்களை முந்திப் போனது. ஆம் தொண்ணூற்றெட்டு.

“கொஞ்சம் மெதுவா போகச் சொல்லுங்க” என்றார் திமிங்கலம், கம்பியைப் பிடித்தபடி. “எனக்கு வயித்தைப் புரட்டுது.”

வயிறு வெறுமனே புரட்டியிருந்தால் இந்தக் கதை அங்கேயே நின்றிருக்கும். சிறிது நேரத்தில் அவருக்கு வேறோர் அவசரம் வந்தது. வயதானவர், மழைக்குளிர், சர்க்கரையும் உண்டு. கால்மேல் கால் போட்டுப் பார்த்தார். அந்தக் குட்டி இருக்கையில் கால்மேல் கால் போட முடியவில்லை. உலகத்தில் விலை, வாக்கு, சங்கிலி எதற்கும் கட்டுப்படாத விஷயம் ஒன்று இருக்கிறது என்பது அவர் முகத்தில் மெல்ல எழுதப்பட்டது.

“அம்மா தாயே, வண்டியை எடு” என்றார்.

“உரிமம் இல்லைங்க ஐயா.”

“யோவ், அந்தத் தீர்ப்பை அழிய்யா!”

“அழிக்க முடியாது ஐயா” என்றார் வடிவமைப்பாளர், அழாத குறையாக. “அதுதானே எங்க பெருமையே.”

திமிங்கலம் பல்லைக் கடித்தார். பல் டாக்டர் செய்யக்கூடாத காரியம். “அப்ப புதுசா ஒரு கேள்வியைத் திற! ‘இந்த வேனை ஓட்டுறவங்ககிட்ட உரிமம் இருக்கா?’ன்னு திற. சீக்கிரம்!”

திறந்தார்கள். கேள்வி பிறந்த வேகத்தில் திமிங்கலம் இருந்த ‘ஆம்’ முழுவதையும் ஒரே மூச்சில் வாங்கினார். விலை ஒன்றிலிருந்து தொண்ணூற்றொன்பதுக்குப் பாய்ந்தது. மெய்யறிவிப்பாளர் விலையைப் பார்த்தார், ‘ஆம்’ என்றார். யாரோ தூரதேசத்துக்காரன் எதிர்த்தான். அவை உட்கார்ந்தது, ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தது. திமிங்கலம் கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் தட்டினார். பெரும்பான்மை பிறந்தது. இன்ஸ்பெக்டரின் கைப்பையில் இருந்த சின்ன மெஷின் கிர்ரென்று முனகி, புத்தம்புது உரிம அட்டை ஒன்றைத் துப்பியது.

பிரேக்கக்கா அட்டையை இரண்டு கையாலும் வாங்கினாள். வீட்டுக்காரரிடம் காட்டினாள். அவர் தன் இடுப்பை மறந்து குனிந்து பார்த்து, “ஆ” என்று நிமிர்ந்தார். அவள் சாவியில் கைவைத்தாள். அப்புறம் எடுத்துவிட்டாள்.

“ஐயோ, இன்னும் என்னம்மா?” என்று பின்னாலிருந்து ஒரு ஈனக்குரல்.

“இல்ல சார்” என்று இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். “எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு ஒரு பதிவு. லைசன்ஸ் இருக்குன்னு ஒரு பதிவு. ரெண்டுமே அழியாதாம். நாளைக்குப் பள்ளிக்கூடத்துல யாராவது பார்த்துட்டு, இது எப்படிம்மா ஒரே ஆளுக்குன்னு கேட்டா நான் என்ன சொல்றது?”

இன்ஸ்பெக்டர் வேனுக்குள் ஒருமுறை சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

“ஓட்டத் தெரியாது, ஆனா லைசன்ஸ் இருக்கு. இதுல கேக்கறதுக்கு என்னம்மா இருக்கு? எனக்கும் அதேதான்.”